ஆட்கள் ஆளுக்கொரு ஆப்பில், பழைய பதிவுகள் எங்கோ உள்ளே: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மாடித்தோட்டக்காரன் கேட்டது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரூர், நாமக்கல் பக்கம் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் சேர்ந்து ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பெரிய குழு எல்லாம் இல்லை. நாட்டு விதை கொடுக்கல் வாங்கல், இலையில் இருப்பது என்ன பூச்சி என்று படம் போட்டுக் கேட்பது, நார்க்கழிவு எங்கே நல்லதாகக் கிடைக்கும், குரோ பேக் எத்தனை இன்ச் வாங்கலாம், இதுதான் பேச்சு. ஆனால் வருடக்கணக்காக எழுதியது உள்ளே கிடக்கிறது. மாவுப்பூச்சி பற்றி ஒரு அம்மா போட்ட பதிவுக்குக் கீழே வந்த பதில்களை மட்டும் அச்சடித்தால் சின்னப் புத்தகம் ஆகிவிடும்.

இப்போது ஆட்கள் சிதறிவிட்டார்கள். இளவட்டங்கள் இன்ஸ்டாவில் ரீல்ஸ் போடுகிறார்கள். விதை சேகரிக்கிற அண்ணன் ஒருவர் வாட்ஸ்அப்பில் சேனல் ஆரம்பித்துவிட்டார், வேளாண்மை படித்த ஒரு பெண் த்ரெட்ஸில் அருமையாக எழுதுகிறார், ட்விட்டரில் இருந்த இரண்டு பேர் ப்ளூஸ்கைக்குப் போய்விட்டோம் என்றார்கள், நடுவில் எல்லோரும் அரட்டை ஆப், அரட்டை ஆப் என்று பேசியபோது அதிலும் ஒரு குழு திறந்தார்கள், அதில் இன்னும் காலை வணக்கம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. நான் எல்லாவற்றையும் போனில் ஏற்றி வைத்திருக்கிறேன். எதில் யார் என்ன சொன்னார்கள் என்பதுதான் நினைவில் நிற்பதில்லை, போதாக்குறைக்கு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பொத்தான்கள் இடம் மாறுகின்றன.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது, வேண்டியவர்கள் எழுதுவதை மட்டும் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா, குழுவுக்குள் பழையதைத் தேடி எடுப்பது எப்படி, அப்புறம் குழுவையே வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று சிலர் சொல்கிறார்களே, மாற்றினால் எங்கே? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ராசாத்தி கோவை எழுதியது:

அண்ணா, சுலபமானதை முதலில் சொல்கிறேன். ஃபேஸ்புக்கைத் திறந்ததும் வருவது அவர்களாகத் தேர்ந்தெடுத்துத் தருவது. 2022 ஜூலையில் முகப்பை இரண்டாகப் பிரித்தார்கள்: 'ஹோம்' என்பதில் பரிந்துரைகளும் கலந்து வரும், 'ஃபீட்ஸ்' என்பதில் நீங்கள் சேர்ந்த குழுக்கள், நண்பர்கள், பக்கங்கள் மட்டும், புதியது மேலே. இந்த இரண்டாவது ஒன்று இருப்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. மெனுவுக்குள் போய் 'ஃபீட்ஸ்' என்று தேடுங்கள், அதற்குள் குழுக்கள் மட்டும் என்று தனியாகவும் பார்க்கலாம். ஆப்பை மூடித் திறந்தால் மறுபடி ஹோம்தான் வந்து நிற்கும், இதையே நிரந்தரமாக வை என்று சொல்ல முடியாது. அது அவர்கள் வேண்டுமென்றே வைத்திருப்பது, மாறும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டாயம் பார்க்க வேண்டியவர்கள் முப்பது பேர் வரை ஃபேவரிட்ஸில் சேர்த்து வைத்தால் ஹோமிலும் அவர்கள் கொஞ்சம் மேலே வருவார்கள்.

இன்ஸ்டாவிலும் இதே கதை. நேர வரிசையை 2016இல் எடுத்துவிட்டு, 2022 மார்ச்சில் 'ஃபாலோயிங்', 'ஃபேவரிட்ஸ்' என்று இரண்டு வழியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மேலே இன்ஸ்டாகிராம் என்ற பெயரைத் தொட்டால் பல போன்களில் வரும். எக்ஸ் என்றால் லிஸ்ட் போடுங்கள், அதை விட்டால் வேறு மருந்து இல்லை. தோட்டக்காரர்களை மட்டும் ஒரு லிஸ்டில் போட்டு, அதை யாருக்கும் தெரியாமல் தனிப்பட்டதாக வைத்து, முகப்பில் பின் செய்துவிட்டால் தனித் தாவலாக நிற்கும். யார் சண்டை போட்டாலும் அந்தப் பக்கம் தெரியாது.

பழையதைத் தேடுவதுதான் பெரிய வேலை. குழுவுக்குள் போய், அங்கே இருக்கிற பூதக்கண்ணாடியைத் தொட்டுத் தேட வேண்டும். முகப்பில் இருக்கிற தேடலில் கத்தரிக்காய் என்று அடித்தால் உலகத்தில் உள்ள கத்தரிக்காய்க் குழம்பெல்லாம் வரும். தேடிய பிறகு, யார் எழுதியது, எந்த வருடம் என்று வடிகட்டுகிற வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அப்புறம் தமிழில் தேடும்போது ஒரே சொல்லை நாலு விதமாக அடித்துப் பார்க்க வேண்டும். பாதிப் பேர் கத்தரி என்று எழுதுவார்கள், பாதிப் பேர் கத்திரி. பஞ்சகவ்யம், பஞ்சகவ்யா, பஞ்சகாவியம் மூன்றும் உண்டு. மாவுப்பூச்சியைச் சேர்த்து எழுதியவர் ஒருவர், பிரித்து எழுதியவர் ஒருவர், அதையே வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்று எழுதியவர் இன்னொருவர். 'கத்தரிக்கு', 'கத்தரியில்' என்று உருபு ஏறிவிட்டால் சில சமயம் வெறும் கத்தரி என்று தேடினால் அகப்படாது. ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறவர்களுக்கு இலக்கணமே கிடையாது, அவரவர் காதில் விழுந்ததுதான் எழுத்து. 'இது என்ன பூச்சி?' என்று மட்டும் எழுதி ஒரு படம் போட்ட பதிவு இருக்கிறதே, அதைச் சொல்லை வைத்துத் தேடி எடுக்கவே முடியாது. யார் போட்டது, எந்த மழைக்காலம் என்று நினைவிருந்தால் ஆள் பெயரையும் வருடத்தையும் வைத்துப் பிடிக்கலாம்.

ஆகவே நல்ல பதிவு கண்ணில் படும்போதே அட்மின் யாராவது அதன் கீழே 'கத்தரி கத்திரி வெள்ளை ஈ வேப்பெண்ணெய்' என்று நாலு சொல்லைப் போட்டு வைத்துவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.


பழைய பதிவர் எழுதியது:

தோட்டக்காரரே, இந்தச் சிதறல் புதிது இல்லை, நம் ஆட்களுக்கு இது நல்ல பழக்கம். 2000களின் தொடக்கத்தில் தமிழில் இணையத்தில் பேச்சு என்றால் யாஹூ குழுமங்கள்தான், மரத்தடி, ராயர் காபி கிளப் என்று. யுனிகோடு இன்னும் பரவாத நாட்கள், திஸ்கி என்ற அந்தக் காலத் தமிழ் எழுத்துரு கணினியில் இல்லையென்றால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். அங்கிருந்து வலைப்பதிவுக்கு வந்தோம், யார் எழுதினாலும் தமிழ்மணம் திரட்டியில் வந்து நிற்கும். பிறகு ஒரு கூட்டம் ஆர்க்குட், ஒரு கூட்டம் கூகுள் பஸ் (Buzz), அதை மூடியதும் கூகுள் ப்ளஸ், அப்புறம் ஃபேஸ்புக், ட்விட்டர். 2021இல் ஊரே கிளப்ஹவுஸில் விடிய விடியப் பேசியது, அடுத்த வருடம் அறைகளில் ஆளில்லை.

இதில் கவனிக்க வேண்டியது மூடுகிற விதத்தை. ஆர்க்குட்டை 2014 செப்டம்பர் 30இல் மூடினார்கள், சில மாதம் முன்பே சொல்லிவிட்டுத்தான். கூகுள் ப்ளஸை 2019 ஆகஸ்டில் மூடுவோம் என்று 2018 அக்டோபரில் அறிவித்தார்கள், டிசம்பரில் இன்னொரு பாதுகாப்புக் குறை வெளியே வந்ததும் அதை ஏப்ரல் 2க்கே இழுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாலு மாதம் போச்சு. யாஹூ குழுமங்களில் இருந்த மடல்களை 2019 டிசம்பரோடு தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், 2020 டிசம்பர் 15இல் சேவையே நின்றது. ட்விட்டர் போலவே வந்த நம் நாட்டு கூ ஆப் 2024 ஜூலையில் கடையைக் கட்டியது. எல்லாரும் அறிவிப்பு கொடுக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் பத்து வருடம் முன்னால் பதிவு செய்த ஏதோ மின்னஞ்சலுக்கு அது போகும், யார் அதைத் திறக்கிறார்கள்?

ஃபேஸ்புக் இப்போதைக்கு மூடப்போவதில்லை. ஆனால் குழுவை அப்படியே இறக்கிக்கொள்ள அட்மினுக்கு வசதி இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 'உங்கள் தகவலைப் பதிவிறக்குங்கள்' என்பதில் அவரவர் குழுவில் எழுதிய பதிவும் கருத்தும் மட்டும் அவரவருக்கு வரும். அடுத்தவர் சொன்ன பதில் வராது. பதில் இல்லாத கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் நல்ல உரையாடல்களைக் கையால்தான் எடுக்க வேண்டும். கணினியில் திறந்து, எல்லாக் கருத்துகளையும் விரித்து, அச்சிடு என்பதைக் கொடுத்துப் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். அலுப்பான வேலைதான். நாலு பேர் வருடம் பிரித்துக்கொண்டு செய்தால் முடிந்துவிடும். எழுதியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளியே போடுங்கள்.

எல்லா ஆப்பிலும் கணக்கு வைக்காமல் பின்தொடர்வதற்கு வருவோம். கூகுள் ரீடரை 2013 ஜூலை 1இல் மூடியதும் ஆர்எஸ்எஸ் ஓடை (தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் கொண்டுவந்து தருவது) செத்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபீட்லி, இனோரீடர் இரண்டில் ஒன்றைப் போட்டு, பிளாக்கர், வேர்ட்பிரஸ் முகவரிகளைக் கொடுங்கள். யூடியூப் சேனல் ஒவ்வொன்றுக்கும் ஓடை உண்டு, சேனல் முகவரியை ஒட்டினால் போதும். ப்ளூஸ்கையில் ஒருவர் பக்கத்துக்கும் உண்டு, ட்விட்டர் மாதிரியே இருக்கும் மாஸ்டடானிலும் உண்டு. ஆக உங்கள் ப்ளூஸ்கை நண்பர்கள் இருவரையும் அங்கே கணக்கே இல்லாமல் படிக்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டா, எக்ஸ் மூன்றும் கொடுப்பதில்லை, அது தெரிந்த விஷயம். த்ரெட்ஸில் எழுதுகிற அந்தப் பெண் ஃபெடிவர்ஸ் பகிர்வு என்ற அமைப்பை இயக்கியிருந்தால் மாஸ்டடான் கணக்கிலிருந்தே அவரைப் பின்தொடரலாம், கேட்டுப் பாருங்கள். நான் காலையில் காபியோடு இனோரீடரை மட்டும்தான் திறக்கிறேன், கடைசிப் பதிவு வந்ததும் முடிந்தது என்று அது நின்றுவிடுகிறது பாருங்கள், அதற்காகவே கும்பிடலாம்.


வடலி எழுதியது:

வணக்கம், நான் ரொறன்ரோவில் இருந்து. பழைய பதிவர் சொன்னது தளமே மூடுகிற கதை. தளம் இருக்கும், எங்களுக்கு மட்டும் அது இல்லாமல் போகும், அந்தக் கதையையும் கணக்கில் எடுங்கோ.

இங்கே கனடாவில் 2023 ஆகஸ்டிலிருந்து முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தி வராது. செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டுவர, மெற்றா செய்தியையே எடுத்துவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகை மட்டும் இல்லை, வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் பக்கங்களும் இங்கே திறந்தால் வெறுமையாக இருக்கும். ஊரில் இருக்கிற தங்கச்சி ஒரு செய்தி இணைப்பை அனுப்பி 'பாத்தியா' என்று கேட்டால் எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, அவளுக்கு எல்லாம் தெரியும். அதனால் இங்கே சனம் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பப் பழகிவிட்டது, அல்லது நேரே அந்த இணையத்தளத்துக்குப் போய் வாசிக்கும்.

இலங்கையிலும் அப்படித்தான், தடை போட்டுப் போட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகன கலவரத்தின்போது முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு மறுபடியும். 2022 ஏப்ரல் 3, போராட்ட நேரம், ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே விபிஎன் வழியாக வந்து இந்தத் தடையால் பிரயோசனம் இல்லை என்று ருவிற்றரில் எழுதினார், நினைத்தால் இப்பவும் சிரிப்பு வரும். உங்கள் பக்கம் 2020 ஜூன் 29 இரவு டிக்டொக்கை நிறுத்தியது தெரியும்தானே, அதில் மட்டுமே இருந்தவர்களின் பின்தொடர்வோர் எல்லாம் ஒரே இரவில் இல்லாமல் போனார்கள்.

எங்கள் வீட்டில் அம்மாவோடு கதைக்க வைபர், பிள்ளைகளுக்கு வட்ஸ்அப், இரண்டுக்கும் மேலே எல்லோருடைய மின்னஞ்சலும் ஒரு தாளில். நீங்கள் எந்த ஆப்புக்குப் போனாலும் அந்தத் தாளை வைத்திருங்கோ.


மாடித்தோட்டக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஃபீட்ஸ் கிடைத்துவிட்டது, அதில் குழுக்கள் மட்டும் என்று போட்டதும் நான் பார்க்கவே இல்லாத நாலு கேள்வி உள்ளே காத்திருந்தது, ஒருவர் தக்காளி இலை சுருளுகிறது என்று கேட்டுச் செடியே போயிருக்கும் இதற்குள்.

இன்னும் இரண்டு கேள்வி. வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டில் குழுவுக்கு எது தோது? ப்ளூஸ்கை, மாஸ்டடான் என்று சொல்கிறீர்களே, அங்கே போவதில் தமிழில் எழுதுகிறவனுக்கு ஏதாவது லாபம் இருக்கிறதா, சும்மா புதுசு என்பதற்காகவா? குழுவுக்கு அட்மின் நான் ஒருவன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


நட்டுவாக்காலி எழுதியது:

கடைசி வரியைத்தான் நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும் சார். அட்மின் ஒருவர்தான் என்றால் முதல் வேலை இன்று இரவே இன்னொரு நம்பகமான ஆளை அட்மின் ஆக்குவது. உங்கள் கணக்கு போனால் குழு அனாதை. என் சொந்தக்காரர் ஒருவருக்கு ஒரு தளத்தில் இதுதான் நடந்தது, தளத்தின் பெயர் வேண்டாம். 'உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும்' என்று ஒரு செய்தி, நீல நிறச் சின்னம் எல்லாம் போட்டு அதிகாரப்பூர்வமாகவே இருந்தது, இணைப்பைத் தொட்டுக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். தளங்கள் உங்களிடம் இன்பாக்ஸில் வந்து கடவுச்சொல் கேட்காது, ஓடிபி கேட்காது. போனதை மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்டு வருகிறவன் அடுத்த திருடன், அவனை அண்டவே விடாதீர்கள். ஃபேஸ்புக்கில் கணக்கு பறிபோனால் அவர்களே ஒரு மீட்புப் பக்கம் வைத்திருக்கிறார்கள், உதவிப் பகுதியில் ஹேக் ஆன கணக்கு என்று தேடினால் வரும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே போன் செய்யுங்கள்.

இரண்டு படி உள்நுழைவைக் குறுஞ்செய்தியோடு மட்டும் நிறுத்தாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் கொஞ்ச நாளில் வேறு யாருக்காவது போய்விடும், உங்கள் ஓடிபியும் அவருக்குப் போகும். குறியீட்டைப் போனிலேயே காட்டுகிற ஆதென்டிகேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, அவர்கள் தருகிற பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

வாட்ஸ்அப்பா டெலிகிராமா என்றால், என்ன பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம், ஆள் சேர்ப்பது சுலபம், எல்லோர் போனிலும் இருக்கிறது. ஆனால் புதிதாகச் சேருகிறவருக்கு ஆதியிலிருந்து நடந்த பேச்சு தெரியாது, அவர் மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிப்பார், போன் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், பெண்கள் இதனாலேயே வெளியேறுவார்கள். சேனலில் எண் தெரியாது, ஆனால் அது ஒருவழிப் பாதை, நீங்கள் கைதட்டலாம், கேள்வி கேட்க முடியாது. அதோடு சேனலில் வருவதை 30 நாள் வரைதான் தங்கள் சர்வரில் வைத்திருப்போம் என்று 2023இல் அறிமுகப்படுத்தும்போதே வாட்ஸ்அப் சொன்னது, ஆகவே உங்கள் விதை அண்ணன் எழுதுவது முக்கியம் என்றால் உடனுக்குடன் எடுத்து வையுங்கள். டெலிகிராமில் குழு இரண்டு லட்சம் பேர் வரை தாங்கும், புதிதாக வருகிறவர் முதல் நாளிலிருந்து தேடிப் படிக்கலாம், பூச்சி, விதை, உரம் என்று தலைப்பு தலைப்பாகப் பிரிக்கலாம், எண்ணை மறைக்கலாம். ஆனால் அங்கே வேலை வாங்கித் தருகிறேன், ஷேர் டிப்ஸ் தருகிறேன் என்று வருகிற கூட்டத்தை தினமும் துரத்த ஒரு ஆள் வேண்டும். அரட்டை நம்ம ஊர் ஸோஹோ செய்தது, 2021இலிருந்து இருக்கிறது, 2025 செப்டம்பர், அக்டோபரில் திடீரென்று எல்லோரும் ஏறினார்கள். ஆப்பில் குறை என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஆட்கள் அங்கே தினமும் எட்டிப் பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி, அதற்கு நீங்களே காலை வணக்கம் என்று பதில் சொல்லிவிட்டீர்கள்.

என்னைக் கேட்டால் குழுவை எங்கேயும் மாற்ற வேண்டாம். பேச்சு பேச்சாக அங்கேயே நடக்கட்டும், ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே. தேறிய விஷயத்தை மட்டும் ஒரு சாதாரண வலைப்பதிவில் ஏற்றுங்கள், செடிக்கு ஒரு பக்கம். கூகுளில் தேடினால் அகப்படும், எந்த ஆப்பிலிருந்தும் இணைப்பு கொடுக்கலாம், உள்நுழை என்று யாரையும் கேட்காது. பழைய பதிவர் இதற்குச் சண்டைக்கு வருவார், பிளாக்கரும் கூகுள்தானே என்று.


பழைய பதிவர் எழுதியது:

சண்டைக்கு வரவில்லை, பாதி ஒத்துக்கொள்கிறேன். பிளாக்கர் 1999இல் வந்தது, 2003இல் கூகுள் வாங்கியது, இத்தனை கொலைக்கு நடுவில் அது எப்படியோ தப்பித்து நிற்கிறது. முழுப் பதிவையும் கருத்துகளோடு ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளவும் முடியும், அதுதான் முக்கியம். சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி அதில் மாட்டிவிட்டால் நாளைக்கு வேர்ட்பிரஸுக்குப் போனாலும் முகவரி மாறாது.

தமிழுக்கு லாபம் என்று கேட்டீர்களே, ஒரு சின்ன லாபம் உண்டு, யாரும் இதைச் சொல்வதில்லை. எக்ஸ் தளத்தில் 280 என்கிறார்கள், ஆனால் அது நம் எழுத்தை எண்ணுவது வேறு மாதிரி. மெய்யின் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி. 'மாடித்தோட்டம்' நமக்கு ஏழு எழுத்து, அங்கே பதின்மூன்று. ப்ளூஸ்கையில் வரம்பு 300, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாக எண்ணுகிறது, 'தோ' ஒன்றுதான். ஆகவே தமிழில் எழுதினால் அங்கே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் கிடைக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து அழைப்பு இல்லாமலே யாரும் சேரலாம், சொந்த டொமைனையே பயனர் பெயராக வைத்துக்கொள்ளலாம். நஷ்டம் என்னவென்றால் தமிழ் ஆட்கள் குறைவு, பூச்சிப் படம் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். மாஸ்டடான் 2016லிருந்து இருக்கிறது, பல சர்வர்களாகப் பிரிந்து கிடக்கும், எதில் சேர்வது என்பதிலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். அங்கே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோகலாம், பின்தொடர்கிறவர்கள் கூடவே வருவார்கள், எழுதியது வராது. இதையும் பலர் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

உங்கள் தோட்டக் குழுவுக்கு இரண்டுமே இப்போது தேவையில்லை என்பது என் எண்ணம். பூச்சி, உரம் பற்றி அடிப்படைத் தகவலுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் தமிழிலேயே இருக்கிறது, அதை நீங்கள் மறுபடி எழுத வேண்டியதில்லை. நீங்கள் எழுத வேண்டியது கரூர் வெயிலில், உப்புத் தண்ணீரில், எந்த ரகம் தாக்குப் பிடித்தது என்பது. அது எந்தத் தளத்திலும் கிடைக்காது.


ராசாத்தி கோவை எழுதியது:

அண்ணா, வடலி அக்கா சொன்ன தாளை நீங்கள் தனியாக எழுத வேண்டாம், குழுவையே எழுத வையுங்கள். ஒரு பதிவு போடுங்கள்: 'நீங்கள் வேறு எந்த ஆப்பில், என்ன பெயரில் இருக்கிறீர்கள்? கருத்தில் எழுதுங்கள்.' அதை மேலே பொருத்தி வைத்துவிடுங்கள், புதிதாக வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படும். போன் எண்ணைப் பொதுவில் போட வேண்டாம் என்று கண்டிப்பாக எழுதுங்கள், எவ்வளவு சொன்னாலும் ரெண்டு பேர் போடுவார்கள், அதை உடனே நீக்குங்கள். மின்னஞ்சல் தர விருப்பம் உள்ளவர்கள் உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும், அதை இரண்டாவது அட்மினிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

பொத்தான் இடம் மாறுவதற்கு நான் செய்வது: அமைப்புகளுக்குள் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும், ஃபேஸ்புக், இன்ஸ்டா, எக்ஸ், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும். எங்கே இருக்கிறது என்று நினைவில் வைக்காமல் அதில் பெயரை அடித்துவிடுவேன். ஆப் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலப் பெயர், தமிழில் வைத்திருந்தால் அவர்கள் வைத்த தமிழ்ப் பெயர், அதுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். எங்கள் வீட்டில் அப்பா போனைத் தமிழிலும் அம்மா ஆங்கிலத்திலும் வைத்திருப்பதால் ஒருவருக்குச் சொன்ன வழி இன்னொருவருக்கு உதவாது.


மாடித்தோட்டக்காரன் எழுதியது:

இரண்டாவது அட்மின் போட்டாகிவிட்டது, மாவுப்பூச்சி அம்மாதான், ஒப்புக்கொள்ள வைக்கத்தான் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்தது. ராசாத்தி சொன்ன பதிவையும் போட்டுப் பொருத்திவிட்டேன். முதல் கருத்தே போன் எண்தான் வந்தது, நீக்கிவிட்டேன். வலைப்பதிவுக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருக்கிறோம், டொமைன் எங்கே வாங்கினால் புதுப்பிக்கும்போது விலை ஏற்றாமல் இருப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், முதல் வருடம் மலிவாகக் காட்டுவதைச் சொல்லவில்லை, இரண்டாம் வருட விலை.